நாலு சீட்டில் எத்தனை கை

"நாலு சீட்டு கைக்கு வந்ததும், இது தேறுமா தேறாதான்னு எப்படிங் அம்மிணி கண்டுபிடிக்கிறது?"

கேட்டவர் சென்னியப்பன். வயது அறுபத்து மூன்று. கோயம்புத்தூரில் பம்ப் மோட்டார் பட்டறை நடத்தி ஓய்ந்தவர்.

கேட்கப்பட்டவர் ரெஜினா டீச்சர். வயது முப்பத்தைந்து. தூத்துக்குடிக்காரர். பாலிடெக்னிக்கில் கணக்கு எடுக்கிறார். ஒமாஹா என்ற சீட்டாட்டத்தில் அவரை மிஞ்ச சென்னியப்பன் போகும் கிளப்பில் ஆளில்லை.

"ரம்மியில நீங்க பெரிய ஆளாமே அண்ணாச்சி?"

"இருபத்திரண்டு வருசமுங்க."

"அதுதான் கஷ்டம்" என்றார் டீச்சர்.

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருசம் ஒரு கிளப்பே தலையில் தூக்கி வைத்து ஆடிய மனுசன். கோபம் வராதா? வந்தது. அடக்கிக்கொண்டார். காரியம் ஆகணுமே.

காரியம் இதுதான். புதன்கிழமை மத்தியானம் அவரையும் சேர்த்து ஆறு பேர் கிளப்பில் கூடி ரம்மி ஆடுவார்கள். காசு கிடையாது, புளியங்கொட்டைதான் பந்தயம். எவனோ வெளியூர் போய் வந்து ஒமாஹாவைக் கற்றுக்கொடுத்தான். மேஜையே மாறிப்போனது.

ஒரு சட்டமும் வந்தது. தொடர்ந்து மூன்று வாரம் முதல் ஆளாய்க் கொட்டை எல்லாவற்றையும் இழப்பவர் எழுந்துவிட வேண்டும். நாற்காலிக்காக ஒரு பல் டாக்டர் காத்துக்கொண்டிருந்தார்.

சென்னியப்பன் இரண்டு வாரம் முதல் ஆளாய்ப் போய்விட்டார்.

"சம்சாரம் போய் மூணு வருசமாச்சுங். புதன்கிழமை ஒண்ணுதான் எனக்குக் கிழமை. மத்ததெல்லாம் சும்மா விடியுது, சும்மா சாயுது."

டீச்சர் சீட்டுக்கட்டிலிருந்து நாலு சீட்டைத் தேடி எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

மூன்று ராஜா. ஒரு ஒன்பது.

"எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"அடேங்கப்பா! மூணு ராஜா. வந்ததுமே செட்டு சேர்ந்துபோச்சுங்களே!"

"ஒமாஹா சட்டம் சொல்லுங்க."

"கையில நாலு. மேஜையில எல்லாத்துக்கும் பொதுவா அஞ்சு. கையிலிருந்து ரெண்டு, மேஜையிலிருந்து மூணு எடுத்துச் சேர்க்கோணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்த அஞ்சு யாருக்குப் பெருசோ அவருக்குச் செயிப்பு."

"மீதிச் சீட்டைக் கலைச்சு அஞ்சு அஞ்சா போடுங்க. நாலாவது ராஜா வந்தா என்னைக் கூப்பிடுங்க."

டீச்சர் பக்கத்து மேஜையில் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தார்.

சென்னியப்பன் கலைத்தார், போட்டார். ராஜா இல்லை. கலைத்தார், போட்டார். இல்லை. டீ வந்தது, ஆறியது. பத்துத் தடவை ஆயிற்று.

"எங்கீங் போய்த் தொலைஞ்சான் அவன்?"

டீச்சர் தலையைத் தூக்காமல் கேட்டார்: "கூடப் பிறந்த மூணு பேரையும் பிடிச்சு வச்சிருக்கிறது யாரு?"

சென்னியப்பன் தன் கையைப் பார்த்தார்.

பதினான்காவது தடவை ராஜா வந்தான். "வந்துட்டானுங்! ராஜா நாலும் நம்ம பக்கம்!"

"கையிலிருந்து எத்தனை எடுக்கலாம்?"

"ரெண்டு..." அவர் குரல் இறங்கியது. "அப்ப மூணுதானுங்களா? இந்த ஒருத்தன் சும்மாவா?"

"ஒன்பதும் சும்மாதான். கையில ரெண்டு பேர் உழைக்க, ரெண்டு பேர் உட்கார்ந்து திங்காங்க."

"ரம்மிப் புத்தி!" என்று சென்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

டீச்சர் வேறு நாலு சீட்டை வைத்தார். ஏழும் ஒன்பதும் ஸ்பேடு சாதி. எட்டும் பத்தும் ஆர்டின் சாதி.

"இது?"

"சில்லறைங்க."

"இதுல எத்தனை கை இருக்கு?"

"என்னங் கேள்வி? ஒரு கைதான்."

"ரெண்டு ரெண்டாப் பிரிச்சுப் பாருங்க."

அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஏழு எட்டு. ஏழு ஒன்பது. ஏழு பத்து. எட்டு ஒன்பது. எட்டு பத்து. ஒன்பது பத்து.

"ஆறுங்க!"

"சும்மா இருக்கிறது யாரு?"

ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். எந்த ரெண்டை எடுத்தாலும் ஒன்றுக்கொன்று ஒத்தாசையாய் நின்றது. வரிசைக்கு ஆகும், இல்லாவிட்டால் ஒரே சாதிக்கு ஆகும்.

மறுபடி மூன்று ராஜாவை எடுத்துப் பிரித்தார். அதிலும் ஆறு. ஆனால் மூன்று தரம் ராஜா ராஜா, மூன்று தரம் ராஜா ஒன்பது.

"அட, சொன்னதையே சொல்றானுங்களே!"

அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போகவே மனசில்லாமல் போனார். மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். ஆறு நாளாய் நாலு நாலாய்ப் போட்டு, ரெண்டு ரெண்டாய்ப் பிரித்து, எது உழைக்கிறது எது தின்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பச்சைப்பிள்ளைக்குக் கிலுகிலுப்பை கிடைத்த மாதிரிதான்.

"நாளைக்குப் புதன்கிழமை" என்றார் டீச்சர்.

"ஆமாங். செயிச்சுருவனுங்களா?"

"தெரியாது."

"என்னங் அம்மிணி, ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

"தெரியாதுங்கிறது நல்ல வார்த்தைதான் அண்ணாச்சி."

புதன்கிழமை. முதல் ஒரு மணி நேரம் சென்னியப்பன் வந்த கையையெல்லாம் ஆடாமல் கவிழ்த்து வைத்தார். "என்றா, பயந்துட்டயா?" என்று கேலி செய்தான் வெள்ளியங்கிரி. நாற்பது வருசச் சிநேகிதன், வாய்க்குப் பூட்டில்லாதவன்.

அப்புறம் ஒரு கை வந்தது.

ரெண்டு ஏஸ், ரெண்டு ராஜா. ஸ்பேடில் ஒரு ஏஸும் ராஜாவும், ஆர்டினில் ஒரு ஏஸும் ராஜாவும். மனசுக்குள் ஆறாய்ப் பிரித்தார். இதைவிட நல்ல கை ஒன்று உண்டா?

இருந்த கொட்டை அத்தனையையும் நடுவில் தள்ளினார். வெள்ளியங்கிரியும் தள்ளினான்.

மேஜையில் விழுந்தது: ராணி, ஒன்பது, நாலு, ஜாக்கி, மூணு.

வெள்ளியங்கிரி கையைத் திறந்தான். ரெண்டு ராணி, ஒரு ஏழு, ஒரு ரெண்டு. நாலும் நாலு சாதி.

ராணி மூன்று. சென்னியப்பனுக்கு ஏஸ் ஜோடிக்கு மேல் ஒன்றும் சேரவில்லை. காலி.

பல் டாக்டர் தண்ணீர் பாட்டிலோடு நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். சென்னியப்பன் எழுந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார். டாக்டர் உட்கார்ந்தார்.

போகிறவர் நின்றார். பார்வை வெள்ளியங்கிரியின் சீட்டிலேயே இருந்தது.

"மாப்ளே, இதை வெச்சுட்டா அத்தனையும் தள்ளினே? ஏழும் ரெண்டும் உனக்கு என்றா வேலை செய்யுது? ரெண்டு பேரை வெச்சுட்டு நாலு பேர் சண்டைக்கு வந்திருக்கறே!"

"செயிச்சனல்லோ?"

"செயிச்சே. பத்துத் தரம் இப்படியே வா, எத்தனை செயிக்கறேன்னு பார்க்கலாம்."

வெள்ளியங்கிரி தன் சீட்டைக் குனிந்து பார்த்தான். மேஜையே பார்த்தது.

"அப்ப நான் கவிழ்த்த கை?" என்று ஒருவர் தன் சீட்டைத் திருப்பினார்.

"என்னோடதை முதல்ல சொல்லு!" என்றார் இன்னொருவர்.

ஐந்து மணிக்கு ரெஜினா டீச்சர் போன் செய்தார்.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"முதல் ஆளாப் போயிட்டனுங். நாற்காலியும் போச்சு."

போனில் ஒரே கூச்சலாய்க் கேட்டது.

"வீட்டுக்குப் போயிட்டீங்களா?"

"எங்கீங் போறது? ஸ்டூலைப் போட்டு உக்கார வெச்சுட்டு, விடமாட்டேங்கறாங்க."