கனம் தெரியாத தூளி

மிருகங்கள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் தூளி என்ற ஒன்று கிடையாது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் தரையில் விடுவார்கள். பழந்தின்னி வௌவாலும் அப்போது பறவைகளைப் போலக் கிளையில் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருக்கும்.

ஆட்டு மந்தையோடு நடந்துகொண்டே இருக்கும் கூட்டம் ஒன்று இருந்தது. அவர்களுடைய மந்தை யாருக்காகவும் நிற்காது. புல் தீர்ந்தால் ஆடு நடக்கும், ஆடு நடந்தால் ஆட்களும் நடந்தாக வேண்டும். நடக்க முடியாதவர்களை அங்கேயே இருத்தி, ஒரு சினை ஆட்டையும் கொஞ்சம் சோளத்தையும் விட்டுவிட்டுப் போவார்கள். மறு வருஷம் அதே வழியாக வரும்போது அந்த இடத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். ஆடுகள் மட்டும் அங்கே மேயாமல் சுற்றிக்கொண்டு போகும்.

மந்தையை நடத்தியவன் மந்தையன். அவன் மனைவி குருவம்மா. அவர்களுக்கு ஒரே பிள்ளை, சோணை. இன்னும் நிற்கப் பழகாதவன். பிறந்தபோதே கனமாக இருந்தான். பால் குடிக்கக் குடிக்க இன்னும் கனத்தான். குருவம்மாவின் இடுப்பு எலும்பின் மேல் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. தோளில் சாய்த்தால் கழுத்து மரத்துப்போகும். கூடையில் வைத்துத் தலையில் சுமந்து பார்த்தாள். அன்று பொழுது சாய்வதற்குள் கூடையின் அடி பிய்ந்தது.

"பிள்ளையைப் பெத்தியா மதினி, அம்மியைப் பெத்தியா?" என்றாள் மந்தையனின் தங்கை சடைச்சி. சொல்லிவிட்டு அவளே கொஞ்ச தூரம் சோணையை வாங்கிக்கொள்வாள். வாங்கிக்கொண்டதும் அவளுக்கு மூச்சு வாங்கும். "ஏ அம்மி, ஒங்க அம்மா ஒனக்குப் பால் கொடுக்குறாளா, ஈயம் காய்ச்சி ஊத்துறாளா?"

குருவம்மா சிரிப்பாள். ஆனால் ஒவ்வொரு நாளும் மந்தைக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த தூரம் கூடிக்கொண்டே வந்தது.

ஆற்றங்கரைக்கு வந்தபோது மந்தையன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மலையில் மழை இறங்கிவிட்டது, வெள்ளம் வருவதற்குள் அக்கரைக்குப் போய்விட வேண்டும் என்றான். பிறகு கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"நல்ல ஆடாத்தான் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன்," என்றான். "ரெண்டு குட்டி போடும்."

குருவம்மா எழுந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனாள், பிள்ளையைச் சுமக்கத் தெரிந்த தாய் யாராவது இருக்கிறாளா என்று பார்க்க.

முதலில் குரங்கு. அது தன் குட்டியோடு கிளை விட்டுக் கிளை தாவிக்கொண்டிருந்தது.

"நான் எங்கே தூக்குறேன்? அதுதான் என்னைப் பிடிச்சுக்கிட்டிருக்கு," என்றது. "ஒன் பிள்ளைக்குப் பிடிக்கத் தெரியுமா?"

குருவம்மா சோணையை மார்போடு அணைத்து, கையைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தாள். தானியச் சாக்குப் போல அவன் சரிந்தான். குரங்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

தேள் தன் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு கல்லுக்கு அடியிலிருந்து வந்தது. "முதுகுல ஏத்திக்கோ."

"ஏறினா எப்போ இறங்கும்?"

"இறங்கும்போது நீ இருக்க மாட்டே, ஒன்னைத் தின்னுட்டுத்தான் இறங்கும்," என்றது தேள்.

சிலந்தி நூலால் செய்த பையைக் காட்டியது. குருவம்மா விரலால் தொட்டதும் பை கிழிந்தது. "என் பிள்ளைக்கு இது போதும், நீ போ," என்று சிலந்தி கோபித்துக்கொண்டது.

திரும்பி வரும்போது ஆற்றை ஒட்டிய அத்தி மரத்தில் வௌவால் உட்கார்ந்திருந்தது. அந்தக் காலத்தில் வௌவாலின் தோல் அதன் உடம்போடு ஒட்டியிருக்கவில்லை. கறுப்பான, மெல்லிய, பெரிய துணி மாதிரி தனியாக இருந்தது. பறக்கும்போது அதைக் கைகளில் விரித்துக்கொள்ளும். உட்காரும்போது இரு முனைகளையும் தோளில் முடிந்து, மடிபோலச் செய்து, அதற்குள் குஞ்சைப் போட்டுக்கொள்ளும்.

குருவம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வௌவாலக்கா, கனக்கலையா?"

"இதுல எது கெடந்தாலும் கனம் தெரியாது தங்கச்சி."

குருவம்மா அடிமரத்தில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். நாளைக்கு மந்தை போய்விடும் என்றும், சினை ஆட்டைப் பார்த்து வைத்துவிட்டார்கள் என்றும் சொன்னாள். வௌவால் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு தோளின் முடிச்சை அவிழ்த்தது.

"இரவல்தான். இது இல்லாம என்னால பறக்க முடியாது. இந்த மரத்துப் பழம் தீருறதுக்குள்ள கொண்டு வந்துடு. அப்புறம் ஒண்ணு. பிள்ளையை வெளியே எடுத்ததும் இதைச் சுருட்டி வச்சிரு. உள்ளே ஒண்ணும் இல்லாதப்போ ஆட்டாதே."

குருவம்மா ஏன் என்று கேட்கவில்லை. அவள் கண் தோலின் மேல் இருந்தது. வௌவாலின் குஞ்சுக்கு இப்போது கிடக்க இடமில்லை. அது தாயின் மார்புக் காம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு தொங்கியது.

"வலிக்கலையா அக்கா?"

"வலிக்குது. அதனால பிள்ளை இருக்குதுன்னு தெரியுது."

குருவம்மா தோலைத் தோளிலிருந்து குறுக்காகக் கட்டி, இடுப்புக்கு மேல் முடிந்து, சோணையை அதில் வைத்தாள். சட்டென்று கனம் மறைந்தது. முழங்கால்கள் தாமாக நிமிர்ந்தன. மறுநாள் எல்லோருக்கும் முன்னால் அவள்தான் ஆற்றில் இறங்கினாள்.

ஆனால் நடு ஆற்றில் அவளுக்குப் பயம் வந்தது. தோளில் ஒன்றும் தெரியவில்லை. பிள்ளை விழுந்துவிட்டானோ என்று தோலை விலக்கிப் பார்த்தாள். உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் பார்த்தாள். அக்கரை சேர்வதற்குள் எத்தனை தடவை பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அக்கரையில் புல் நன்றாக இருந்ததால் மந்தை சில நாள் தங்கியது. குருவம்மா ஆடு மேய்த்தாள், விறகு பொறுக்கினாள். இடுப்புப் புண் ஆறியது. வேலை செய்யும்போது தோலை மரக்கிளையில் கட்டி, பிள்ளையை அதில் போட்டு ஆட்டினாள். மற்றப் பெண்கள் வந்து தொட்டுப் பார்த்தார்கள். ஆற்றின் எதிர்க்கரையில் அத்தி மரம் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் பழம் குறைந்துகொண்டு வந்தது. உச்சிக் கிளையில் வௌவால் நகராமல் உட்கார்ந்திருந்தது.

"கொடுத்துட்டு வந்துரு மதினி. தண்ணி ஏறுது," என்றாள் சடைச்சி.

"நாளைக்குப் போறேன்."

மறுநாளும் அதையே சொன்னாள். கடைசியில் ஒரு நாள் காலை, இன்றைக்கு வெயில் தாழ்ந்ததும் கிளம்புகிறோம் என்றான் மந்தையன். குருவம்மா அத்தி மரம் இருந்த திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அன்று உச்சி வேளை. சடைச்சி சோணையை இடுப்பில் வைத்துக்கொண்டு மணலில் விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். குருவம்மா கிளையில் தொங்கிய தோலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கயிறு திரித்தாள். வேலை முடிந்ததும் கை சும்மா இருந்தது. பிள்ளை பெற்றவளின் உடம்பு கையில் பிள்ளை இல்லாதபோதும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். அவள் கை தோலின் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்து விட்டது. மறுபடி இழுத்து விட்டது. அவள் வேறு எதையோ நினைத்துக்கொண்டு வாய்க்குள் முனகியபடி ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

கிளை முனகியது.

அண்ணாந்து பார்த்தாள். கிளை வளைந்திருந்தது. தோல் தரைக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது.

"மதினி," என்று சடைச்சி கூப்பிட்டாள். அவள் குரல் விசித்திரமாக இருந்தது. "பிள்ளையை நீ எடுத்துட்டியா?"

"ஒன் இடுப்புலதானே இருக்கான்?"

"ஆமா. இருக்கான். ஆனா இருக்குற மாதிரி இல்லை."

குருவம்மா ஓடிப்போய் வாங்கினாள். கோழி இறகை வாங்கியதுபோல இருந்தது. அதே முகம், அதே கண், அதே எச்சில் வடியும் வாய். மணலில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த இடத்தில் தடம் விழவில்லை. ஆற்றுக் காற்று ஒரு தடவை பலமாக வீசியது. சோணை மணலிலிருந்து கொஞ்சம் எழும்பி, நகர்ந்து, மறுபடி உட்கார்ந்தான். சிரித்தான்.

மந்தையன் ஓடிவந்தான். ஆட்டுக்குட்டியைக் கட்டும் கயிற்றை எடுத்து, ஒரு முனையைப் பிள்ளையின் இடுப்பிலும் மறு முனையைக் குருவம்மாவின் மணிக்கட்டிலும் கட்டினான்.  "லேசா இருந்தா நல்லதுதானே? இனிமே நடக்கலாமில்லே?" என்றான்.

 ஆடுகள் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்த தோலைச் சுற்றி விலகி நின்றன.

குருவம்மா பிள்ளைக்குப் பால் கொடுத்துப் பார்த்தாள். அவன் வாயைத் திருப்பிக்கொண்டான். அப்போது தோலுக்குள்ளிருந்து, பசித்த பிள்ளை விரலைச் சப்புவதுபோல ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்டதும் குருவம்மாவின் மார்பில் பால் சுரந்து வழிந்தது. அவள் எழுந்து போய்த் தோலை விலக்கினாள்.

உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளை படுத்தால் எவ்வளவு குழியுமோ அவ்வளவு குழிவு மட்டும் இருந்தது. குழிவின் கீழ்ப் பக்கம் இரண்டு இடங்களில் தோல் மாறி மாறிப் புடைத்து அடங்கியது. கால் உதைப்பதுபோல.

அவள் கிளையிலிருந்து அதை அவிழ்த்து முதுகில் கட்டிக்கொண்டாள். இப்போது கனம் தெரிந்தது. இத்தனை நாள் தெரியாத கனமெல்லாம் சேர்ந்து தெரிந்தது.

"எங்கே போறே? ஆறு நெறஞ்சு வருது," என்றான் மந்தையன்.

"பழம் தீர்ந்திருக்கும்," என்று சொல்லிவிட்டு ஆற்றில் இறங்கினாள்.

தண்ணீர் மார்பு வரை வந்தது. மரங்களைப் புரட்டிக்கொண்டு வரும் தண்ணீர். முதுகில் இருந்தது அவளைக் கீழே அழுத்தியது. அந்த அழுத்தத்தால்தான் அவள் கால் மணலில் நின்றது. கயிற்றின் மறு முனையில் சோணை தண்ணீரின் மேல் இலை மாதிரி மிதந்து வந்தான். அவனுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அத்தி மரத்தில் ஒரு பழமும் இல்லை. வௌவால் எலும்பாக மெலிந்திருந்தது. குஞ்சு இன்னும் பல்லால் கவ்விக்கொண்டிருந்தது.

"ஆட்டினியா?" என்று வௌவால் கேட்டது.

"ஆட்டிட்டேன் அக்கா."

"கனம் எங்கேயும் போகாது தங்கச்சி. நீ சுமக்காததை எல்லாம் தோல் வச்சிருந்தது. சும்மா இருந்திருந்தா அது கனமாத்தான் இருந்திருக்கும். ஆட்டினதும் தான் ஒரு பிள்ளைன்னு நெனச்சுக்கிச்சு. மிச்சத்தையும் ஒன் பிள்ளைகிட்டேயிருந்து இழுத்துக்கிச்சு."

"திருப்பிக் கொடுக்குமா?"

"ஒன் சீலை இருக்குதா?"

குருவம்மா தன் சேலையில் பாதியைக் கிழித்தாள். தோளிலிருந்து குறுக்காக இறக்கி, முதுகில் அகலமாக விரித்து, இடுப்பின் மேல் முடிந்தாள். இலை கனம்கூட இல்லாத பிள்ளையை அதில் வைத்து, துணியின் வாயை விரித்துப் பிடித்தாள். வௌவால் மூச்சு வாங்கியபடி தோலை வாங்கித் தன் கைகளில் மாட்டிக்கொண்டது. கிளையைக் காலால் பற்றி, தலைகீழாகத் தொங்கி, தோலின் வாய் சேலைக்கு நேராக வரும்படி பிடித்தது.

உள்ளே இருந்தது உடனே விழவில்லை. அது பற்றிக்கொண்டிருந்தது. மனிதப் பிள்ளைக்குத் தெரியாததை அது எங்கேயோ கற்றிருந்தது. குருவம்மா கீழே நின்றுகொண்டு, தன் பிள்ளையைப் பார்க்காமல், மேலே இருந்த இருட்டைப் பார்த்து, "வா கண்ணு," என்றாள். "அம்மா தூக்கிக்கிறேன்."

அது வந்தது. முதலில் தோள்பட்டை இறங்கியது. பிறகு கழுத்து. முடிச்சு இடுப்பின் பழைய புண்ணில் போய் அழுந்தியது. முழங்கால் மடங்கி மண்ணில் ஊன்றியது. சேலைக்குள் சோணை வீறிட்டு அழுதான், பசியில். அவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வந்துட்டுது அக்கா. எறங்கி நிமிர்ந்து உக்காரு."

வௌவால் கிளையில் நிமிரப் பார்த்தது. நிமிர்ந்ததும் தோல் மடியாகி, அதன் அடியில் ஒரு சின்னக் குழிவு விழுந்தது. நெல்லிக்காய் அளவுதான். அது அசைந்தது. வௌவால் சட்டென்று மறுபடியும் தலைகீழானது. தோலைக் கழற்றிவிடக் கையை இழுத்துப் பார்த்தது. தோல் விரல்களோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

"கொஞ்சம் மிச்சம் இருக்குது," என்றது. "நான் நிமிர்ந்தா அது படுத்துக்கும். நீ போ தங்கச்சி."

குருவம்மா போனாள். வெள்ளம் கழுத்து வரை வந்தும் அதனால் அவளைப் புரட்ட முடியவில்லை. அக்கரையில் மந்தை போய்விட்டிருந்தது. சடைச்சி மட்டும் ஒரு ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது மந்தையன் பார்த்து வைத்திருந்த ஆடு. அவள் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்து பிள்ளையை வாங்கினாள். வாங்கியதும் இடுப்பு ஒடிந்ததுபோல ஒரு பக்கம் சாய்ந்தாள்.

"ஏ அம்மி!" என்றாள். பிறகு அவன் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அவர்கள் ஆடுகளின் குளம்புத் தடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து, மந்தையைப் பிடித்தார்கள். சேலைத் துணியில் கட்டினால் கனம் தோளுக்கும் முதுகுக்கும் இடுப்புக்கும் பிரிந்து போகும், ஆனால் ஒரு நிமிஷம்கூடத் தெரியாமல் போகாது என்பதை மற்றப் பெண்கள் குருவம்மாவிடம் கற்றுக்கொண்டார்கள். நின்ற இடத்தில் அதையே கிளையில் கட்டினார்கள். பிள்ளையை எடுத்ததும் துணியை முறுக்கிக் கிளையிலேயே செருகினார்கள்.

இன்றைக்கும் ஆற்றோர மரங்களில், காற்றே இல்லாத உச்சி வேளையில், வௌவால்கள் தோலைச் சுற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கி மெல்ல ஆடுவதைப் பார்க்கலாம். தூரத்திலிருந்து பார்த்தால் மரம் நிறையத் தூளி கட்டியிருப்பதுபோல இருக்கும். குஞ்சு பல்லால்தான் தாயைக் கவ்விக்கொள்கிறது. குருவம்மா கை சும்மா இருந்த அந்த மத்தியானத்திலிருந்துதான், வெறுந்தூளியை யாராவது ஆட்டினால், எந்த வீட்டிலும் ஒரு பெண் ஓடிவந்து அதைக் கையால் பிடித்து நிறுத்துகிறாள். நிறுத்திவிட்டு, உள்ளே ஒரு தடவை பார்த்துக்கொள்கிறாள்.