நெடுங்கரைக்குப் போன நந்தவனக் கதவு

முன்னொரு காலத்தில், ராஜா தும்மினால் அதையும் தண்டோரா போட்டுச் சொன்ன காலத்தில், ஒரு நாடு இருந்தது. நாட்டின் பெயரைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ராஜாவின் பெயர் வளவதரையன்.

நல்ல மனுஷன்தான். போருக்குப் பயப்பட மாட்டான், புலிக்குப் பயப்பட மாட்டான். வெயிலுக்குப் பயப்படுவான். சிரிக்காதீர்கள். அவனைப் பெற்றவள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழியில், ஒதுங்க ஒரு மரமோ குடிக்க ஒரு கைத் தண்ணீரோ இல்லாத பொட்டலில், வண்டிக்குள்ளேயே அவனைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். தாய் முகமே தெரியாமல் வளர்ந்தவன் அவன். அந்தப் பொட்டலின் கதையை மட்டும் யார் யாரோ சொல்லிக் கேட்டிருந்தான்.

இப்போது அவனுடைய ராணி செண்பகவடிவு முழுகாமல் இருந்தாள். வளைகாப்பும் முடிந்துவிட்டது. முறைப்படி தாய்வீட்டுக்குப் போக வேண்டும். தாய்வீடு எங்கே? தெற்கே வெகுதூரத்தில், வாய்க்கால் கடைசியாகப் போய்ச் சேரும் நெடுங்கரையில். தாய் உடையாச்சி வந்து மகளைப் பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். களத்தில் வழுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்து, கட்டுப் போட்டுப் படுத்துக்கிடந்தாள் பாவம். வளைகாப்புக்கே அவளால் வர முடியவில்லை.

ராஜா யோசிக்கவே இல்லை. "பிள்ளை பிறக்கும்வரை அரசியார் நந்தவனத்தை விட்டு ஓரடியும் வெளியே போகலாகாது" என்று கட்டளை போட்டுவிட்டான். நந்தவனத்தில் நிழல் இருந்தது, நீரூற்று இருந்தது. ராணிதான் அங்கே உட்கார்ந்து சோறு தின்னாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"எங்க அம்மா எந்திரிச்சு நடப்பாளோ மாட்டாளோ, நான் போய்ப் பாக்க வேண்டாமா?" என்று கேட்டாள். "எனக்குப் பயமா இருக்கு. பெத்தவ பக்கத்துல இருந்தா போதும், வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

மறுநாள் சபையில் ராஜா வாடிய முகத்தோடு உட்கார்ந்திருந்தான். "அனுப்பினால் வெயிலில் என்ன ஆகுமோ என்று அஞ்சுகிறேன். அனுப்பாவிட்டால் அவள் கண்ணீரே அவளைக் கரைத்துவிடும் போலிருக்கிறது. ஒரு வழி சொல்லுங்கள்" என்றான்.

நந்தவன அதிகாரி ஏகாம்பர பூபதி முன்னால் வந்தார். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வயிறு முன்னே வர, ஆள் பின்னே வருவார். நந்தவனத்தில் ஒரு செடி வாடினாலும் அன்று முழுக்க அதிகாரிக்குச் சோறு கிடையாது என்று பழைய ராஜா போட்ட சட்டம் ஒன்று இருந்தது. அதனால் பூபதி பெரிய ஏரியின் தெற்கு மடையை அடைத்துத் தண்ணீரையெல்லாம் நந்தவனத்துக்கே திருப்பி வைத்திருந்தார். கீழே உள்ள ஊர்கள் காய்ந்தால் அவருக்கு என்ன? அவர் இலையில் சோறு விழுந்துகொண்டிருந்தது.

அவருக்கு ஒரே ஒரு வயிற்றெரிச்சல். சபையின் விகடன் வெயிலுகந்தான் பேசினால் ராஜா விழுந்து விழுந்து சிரிப்பான். பூபதி வளர்த்த ரோஜாவை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

"மகாராஜா, முடியாததையெல்லாம் வாயாலேயே முடிப்பவர் நம் வெயிலுகந்தான்" என்றார் பூபதி. "அரசியார் நந்தவனத்தை விட்டு வெளியேறாமலே நெடுங்கரை போய்த் தாயைக் காணும்படி அவர் செய்யட்டும். இயலாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. தண்ணீரில் தத்தளிப்பவன் துரும்பைப் பார்க்கிற மாதிரி வெயிலுகந்தானைப் பார்த்தான். "உம்மால் முடியுமா?" என்றான்.

கேலி செய்ய வாயைத் திறந்த வெயிலுகந்தான் ராஜாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். பிறகு பணிவாகச் சொன்னான்: "முயல்கிறேன் மகாராஜா. ஒரே ஒரு சந்தேகம். நந்தவனம் எதுவரை என்று அதிகாரி அவர்கள் சபையறியச் சொல்ல வேண்டும்."

பூபதிக்குத் தன் நந்தவனத்தைப் பற்றிப் பேசுவதென்றால் கரும்பு தின்பது மாதிரி. "அரண்மனைப் பின்வாசற்படியில் தொடங்கி வாசற்கதவு வரை அத்தனையும் நந்தவனம். அதற்குள் இருக்கும் ஒவ்வோர் இலைக்கும் அடியேன் பொறுப்பு" என்றார்.

"போதும். அந்தக் கதவைக் கழற்றிக்கொள்ள உத்தரவு வேண்டும் மகாராஜா" என்றான் வெயிலுகந்தான்.

ராஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கொடுத்தான்.

வெயிலுகந்தான் தேக்குக் கதவை நிலையோடு பெயர்த்தான், மாட்டுவண்டியில் ஏற்றினான், தெற்கே ஓட்டினான். முதல் ஊர் தாண்டி ஒரு மாந்தோப்பு இருந்தது. தோப்பின் அந்தப் பக்கத்தில் கதவை இறக்கி, இரண்டு கல்லுக்கு நடுவே முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, பூபதிக்கு ஆள் அனுப்பினான். "நந்தவனம் மாந்தோப்பு வரை வந்துவிட்டது. இங்கே மாமரமெல்லாம் வாடிக்கிடக்கிறது. தாங்கள் இன்று சாப்பிட்டுவிட்டீர்களா?"

பூபதி இலையை விட்டு எழுந்தார். நேரே ராஜாவிடம் ஓடினார். ராஜா மூக்குக்கு மேல் கோபத்தோடு மாந்தோப்புக்கே வந்துவிட்டான்.

"விளையாடுகிறாயா? கதவை நகர்த்தினால் நந்தவனம் நீளும் என்றே வைத்துக்கொள்வோம். வெயில் அந்தக் கதவுக்குப் பயந்து நிற்குமா?"

"நிற்காது மகாராஜா" என்றான் வெயிலுகந்தான். "தங்கள் கட்டளையை ஏய்க்க ஒரு கதவு போதும். தங்கள் பயத்தை ஏய்க்க எனக்கு மனசு வரவில்லை. கதவைப் பெயர்க்கும் முன்பே நெடுங்கரை வரை நடந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். நிழல் அங்கங்கே இருக்கிறது. இங்கே மாந்தோப்பு, அப்புறம் கோயில் காடு, அதற்குப் பிறகு ஒரு புளியஞ்சாலை. குளங்களும் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று வாய்க்காலும் இருக்கிறது. எல்லாம் துண்டு துண்டாகக் கிடக்கிறது, வாய்க்கால் தூர்ந்துபோயிருக்கிறது. இவற்றைக் கோத்துக் கட்டிவிட்டால் அரசியார் நிழலிலேயே ஏறி நிழலிலேயே இறங்கலாம். கட்டி முடிக்கும்வரை நான் வந்து அழைக்க மாட்டேன். தாங்களே வந்து பார்த்து, மனசு ஒப்பினால் அனுப்புங்கள்."

ராஜா ஒரு மாமரத்திலிருந்து வாடிய இலையைக் கிள்ளிப் பார்த்தான். பிறகு பூபதியிடம் திரும்பி, "சபையறியச் சொன்னீர். கதவு வரை ஒவ்வோர் இலைக்கும் நீர்தானே பொறுப்பு?" என்றான்.

அப்புறம் நடந்ததை என்னவென்று சொல்ல! அன்று மத்தியானமே பூபதி தம் கையாலேயே தெற்கு மடையைத் திறந்துவிட்டார். மாந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ந்தது, அவர் வாய்க்குச் சோறு போனது. உண்ட களைப்பு தீர்வதற்குள் கதவு கோயில் காட்டைத் தாண்டிவிட்டது. கோயில் காட்டுக்கு வாய்க்கால் வெட்டினால் கதவு புளியஞ்சாலையில் நிற்கும். வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு ஊர்க்காரர்களை விரட்டிக்கொண்டும், விரட்டினால் வராதவர்களைக் கெஞ்சிக்கொண்டும் அந்த மனுஷன் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அவருடைய பகையாளி பார்த்தாலும் பாவம் என்பான். கரையெல்லாம் பூவரசம் போத்து ஊன்றச் சொன்னார். வெட்டி நட்டால் துளிர்க்கும் மரம், சீக்கிரம் நிழல் தரும், வாடாது. சோற்றுக் கவலையில் பிறந்த யோசனையானாலும் நல்ல யோசனைதான்.

நிழலில்லாத இடங்களில் ஊர்க்காரர்கள் கீற்றுப் பந்தல் போட்டார்கள். இதற்கு யாரும் அவர்களை அதட்ட வேண்டியிருக்கவில்லை. பெண்பிள்ளை தாய்வீடு போகிறாள் என்றதும் அவர்களே மூங்கிலோடு வந்துவிட்டார்கள். குளங்கள் நிறைந்து ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்தன. கதவு நெடுங்கரையில் உடையாச்சி வீட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றது.

ராஜா வழி முழுவதும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "நாளைக் காலையில் புறப்படலாம்" என்று ராணியிடம் சொன்னான். அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

வாய்க்காலில் நீர் ஓடிய இடத்தில் ராணி ஓடத்தில் போனாள். தோப்புக்குள் பல்லக்கில் போனாள். ராஜா பக்கத்திலேயே நடந்து வந்தான். கோயில் காடு கடந்தது, புளியஞ்சாலை கடந்தது, கடைசிக் குளமும் கடந்தது. அங்கே ஒரு செம்மண் மேடு. அதில் போட்டிருந்த பந்தலைக் காலையில் அடித்த காற்று வாரிக்கொண்டு போயிருந்தது. வெறும் மூங்கில்தான் நின்றது. நெடுங்கரைத் தோப்பு எதிரே தெரிகிறது, நடுவில் வெயில் கொளுத்துகிறது.

ராஜாவின் கால் அப்படியே நின்றுவிட்டது. முகம் வெளுத்துவிட்டது. "திருப்புங்கள் பல்லக்கை" என்றான்.

வெயிலுகந்தானிடமும் எந்த வித்தையும் மிச்சமில்லை. பல்லக்குக்குள் ராணி வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினாள்.

அப்போது மேட்டுக்குக் கீழே கூடியிருந்த பெண்களில் ஒருத்தி விறுவிறுவென்று வந்தாள். மாடத்தி என்று பெயர், அந்த மேட்டை அடுத்த ஊர்க்காரி. கையில் ஒரு பழஞ்சேலை. ஒரு முனையை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். "ஏட்டி, பாத்துக்கிட்டு நிக்கீங்களே! ஆளுக்கொரு சேலை கொண்டாங்கட்டி!" என்று ஒரு சத்தம் போட்டாள். கொஞ்ச நேரத்தில் பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாகச் சேலைகள் பல்லக்குக்கு மேலே கூரையாக விரிந்தன.

"நடங்க ராசா" என்றாள் மாடத்தி. "நான் எங்கம்மா வீட்டுக்குப் போனப்ப இதே மேட்டுலதான் போனேன். வெயிலு மண்டையப் பொளந்துச்சு. ஊரு போய்ச் சேரும்போது என் வயித்துல புள்ளை இல்லை. ராணியம்மாவாவது குளுந்து போகட்டும்."

ராஜா அவளையே பார்த்தான். அவன் பிறந்த பொட்டலும் இப்படித்தான் இருந்திருக்கும். அன்றைக்குச் சேலை பிடிக்க அங்கே யாருமில்லை. அவன் கிரீடத்தைக் கழற்றி வெயிலுகந்தான் கையில் கொடுத்துவிட்டு, மாடத்திக்கு எதிர்ப்பக்கம் போய், இன்னொருத்தி கையிலிருந்த சேலை முனையை வாங்கித் தன் கையால் தூக்கிப் பிடித்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவன் துடைக்கவில்லை, கை இரண்டும் மேலே இருந்ததே. மேடு முழுவதும் அப்படியே நடந்தார்கள்.

கதவைத் தாண்டாமல், அதற்கு உட்புறமாகவே இறங்கி ராணி தாய்வீட்டுக்குள் போனாள். படுக்கையில் கிடந்த உடையாச்சி, "வந்துட்டியா என் ராசாத்தி!" என்று கையை நீட்டியதும் இரண்டு பேரும் அழுத அழுகையில் தெருவே மூக்கைச் சிந்தியது. அந்த வீட்டிலேயே நல்லபடியாகப் பெண்குழந்தை பிறந்தது. உடையாச்சி படுத்தபடியே பேத்தியை நெஞ்சில் போட்டுக்கொண்டாள்.

பெயர் சூட்டிய அன்று ராஜா முத்துமாலையைக் கழற்றி வெயிலுகந்தான் கழுத்தில் போட்டான். "நந்தவனத்தை விட்டு வெளியேறாமலே என் மனைவி தாய்வீடு வந்தாள். சொல்லும், இன்னும் என்ன வேண்டும்?"

அவன் பதில் சொல்வதற்குள் பூபதி முன்னால் வந்து விழுந்தார். பாதியாய் இளைத்திருந்தார். "மகாராஜா, வந்த காரியம் முடிந்தது. கதவை அரண்மனைக்கே கொண்டுபோய்விடலாமா? அடியேன் ஒருவேளையாவது நிம்மதியாகச் சாப்பிடுவேன்."

"எனக்கு வேண்டியதும் அந்தக் கதவைப் பற்றித்தான் மகாராஜா" என்றான் வெயிலுகந்தான். "அது திரும்பிப் போகக் கூடாது."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, "கதவு இங்கேயும் நிற்க வேண்டாம். நெடுங்கரைக்கு அப்பாலும் தாய்மார்கள் இருக்கிறார்கள். கொண்டுபோய் நாட்டின் எல்லையில் நிறுத்துங்கள். அதிகாரியாரே, அதற்குள் இருப்பதெல்லாம் உம் நந்தவனம். வேலைக்கு வேண்டிய ஆட்களை வைத்துக்கொள்ளும். தினமும் வயிறாரச் சாப்பிடும், அந்தச் சட்டத்தை இன்றோடு எடுத்துவிட்டேன்" என்றான்.

பூபதி முதலில் அழுதார், பிறகு சாப்பிட்டார், பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். சட்டம் போன பிறகும் அவர் மரம் நடுவதை நிறுத்தவில்லை என்று சொல்கிறார்கள்.

சில வருடம் கழித்து ஒரு சித்திரை மாதத்தில் மாடத்தி மறுபடியும் வயிற்றுப் பிள்ளையோடு தாய்வீட்டுக்குப் புறப்பட்டாள். செம்மண் மேட்டில் பூவரசுகள் இரண்டு பக்கமும் கைகோத்து நின்றன. வாய்க்காலில் இறங்கி ஒரு கைத் தண்ணீர் அள்ளிக் குடித்தாள். தலையில் முந்தானையைக்கூடப் போட்டுக்கொள்ளாமல், அவசரமில்லாமல் நடந்து போனாள்.