மணியம் பண்ணின கொண்டக்கடலை வெள்ளாமை

கரிசக்காட்டுப் பக்கம் ஒரு ஊரு இருந்துச்சு, அந்த ஊர அதிகாரம் பண்ணப் பெத்தணன்னு ஒரு மணியம் இருந்தாரு. ஊர்லயே பெரிய புத்திசாலி அவருதான்னு அவரே சொல்லிக்கிட்டாரு, அப்ப அது உண்மையாத்தான இருக்கணும்? அவரு வெள்ளாமைக் காட்டுக்குப் பக்கத்துல சடையம்மான்னு ஒரு தனிக்கட்டைப் பொம்பளைக்குத் துண்டு நெலம். அதப் பாத்தா மணியத்துக்குச் சோறு எறங்காது.

அந்த நாட்டு ராசாவுக்குக் கொண்டக்கடலைச் சுண்டல்னா உசுரு. மணியம் அரமனைக்குப் போயி, "மகராசா, அறுப்பு முடிஞ்சதும் ஒரு மூட்டைக் கடலை கொண்டாராதவங்க காட்ட, கொண்டாந்த பக்கத்துக் காட்டுக்காரருக்குக் குடுத்துரணும்னு உத்தரவு போடுங்க, அப்பத்தான் சனத்துக்கு முதுகு வளையும்"னாரு. ராசாவும் சுண்டல் நெனப்புல சரின்னுட்டாரு.

மழை ஓஞ்சுச்சு. சடையம்மா ஒரு உழவு ஓட்டி முடிக்கவும் மணியம் வந்து, "ராசா காரியம்"னு அவ மாட்ட ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரு. அவ அழுதுக்கிட்டே கட்டியும் முட்டியுமாக் கெடந்த மண்ணக் கொத்தி வெதைய ஊனினா. மணியம் தன் காட்ட உழுதாரு, "போதாது"ன்னாரு. மறுபடி உழுதாரு, "போதாது"ன்னாரு. இன்னும் உழுதாரு, மண்ணு திருநீறாட்டம் ஆயிருச்சு. உள்ள இருந்த ஈரம் பூராம் வெயில்ல போயிருச்சு. அது கெடக்கு, அழகு முக்கியமில்லையா? அப்புறம் கெணத்துத் தண்ணிய எறச்சு எறச்சு மொளைக்க வச்சாரு.

அடுத்து அவ சேத்து வச்ச சாணிக்குப்பைய வண்டியோட வந்து அள்ளினாரு.

"ஐயா, ஒரு கூடையாவது விடுங்க."

"அடுப்புல சாம்பல் இருக்குமே, அதத் தூவிக்க"ன்னாரு. என்னா கருணை! ஊர்க்குப்பை பூராம் அவரு காட்டுல மலையாக் குமிஞ்சுச்சு.

அப்படியும் சடையம்மா செடி பச்சையா நின்னுச்சு. மணியத்துக்குப் பொறுக்கல, ஆட்டுப்பட்டியத் தொறந்து விட்டாரு. ஆடுக கொழுந்த நறுக்கு நறுக்குன்னு கடிக்கயில அவ கம்போட ஓடியாந்து வெரட்டிட்டா. மொட்டையா நின்ன செடியப் பாத்து, "என் காடு போச்சே"ன்னு வயித்துல அடிச்சுக்கிட்டா.

ஏய், நீ ஏன் மொகத்தத் தொங்கப் போடுற? கேளு.

கடிச்ச எடத்துல எல்லாம் கெளை வெடிச்சு, கெளை பூராம் காய் பிடிச்சுச்சு. மணியம் காட்டுலயோ செடி இடுப்பு ஒசரம். பூவக் காணோம், "பூக்கும்"னாரு. காயக் காணோம், "காய்க்கும்"னாரு. செடி சாஞ்சே படுத்துருச்சு, "அசதி"ன்னாரு.

அறுப்பு முடிஞ்சுச்சு. சடையம்மா மூட்டையோட அரமனைக்குப் போனா. மணியம் ஒரு கைப்பிடி கடலையும் ஒரு வண்டித் தழையும் கொண்டு போனாரு.

"மகராசா, கீரையாக் கடைஞ்சு சாப்பிட்டா ரொம்ப நல்லது."

ராசா அவரப் பாக்கவே இல்ல. "நீ என்னம்மா செஞ்ச?"ன்னு சடையம்மாவக் கேட்டாரு.

"நான் எங்க சாமி செஞ்சேன்? எல்லாம் மணியம் ஐயாதான். மாட்ட ஓட்டிட்டுப் போயி ஈரத்தக் காப்பாத்துனாரு, குப்பைய அள்ளிட்டுப் போயி வெறும் தழையா வளராமக் காப்பாத்துனாரு, ஆட்ட விட்டு நுனி கிள்ளிக் குடுத்தாரு."

ராசா விழுந்து விழுந்து சிரிச்சாரு. "மணியம், ஒமக்கு நல்லது செய்ய வரல, கெட்டது செய்யத்தான் கை நல்லா இருக்கு. நீரு கேட்டு வாங்குன உத்தரவுப்படி ஒம்ம காடு இனிமே இவளுக்கு. கொழுந்து விடுற பருவத்துல வருசா வருசம் நீரே வந்து நுனி கிள்ளிட்டுப் போவும். ஆடு வேண்டாம், கையால."

மணியம் குனிஞ்சு கிள்ளப் போனாரு, சடையம்மா சுண்டல் தாளிக்கப் போனா. வளைஞ்சது யாரு முதுகு, நீயே சொல்லிட்டுத் தூங்கு.