சீல் வைத்த தொட்டி

“சீல் வச்ச தொட்டிக்குள்ள விஷம் எப்படிப் போகும், டீச்சரம்மா?”

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிட்டார் ஏகாம்பரம்.

மின்திருட்டுப் பிடிக்கும் படையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர் அவர். ஓய்வு பெற்றதும் பிடிக்க ஆள் கிடைக்காமல் தவித்தார். மகன் ஒரு மூன்றடித் தொட்டி வாங்கிக் கொடுத்தான். உப்புத் தண்ணீர், நாலு பாறை, இரண்டு கோமாளி மீன், விரல் விரலாக விரியும் ஒரு பச்சைப் பவளம்.

பெனிட்டாவுக்கு முப்பது வயதுதான். தூத்துக்குடியிலிருந்து வந்து கொளத்தூரில் கடல்மீன் கடை வைத்திருக்கிறாள். மீன் வாங்க வருபவர்களைவிடச் சந்தேகம் கேட்க வருபவர்கள் அதிகம். அதனால் டீச்சர் என்று பெயர் விழுந்துவிட்டது. ஏகாம்பரமும் அப்படித்தான் கூப்பிடுவார். அதற்காக அவளை நம்பினார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

“சீல் யார் சார் வச்சது?”

“நான்தான். மீட்டருக்கு வைக்கிற மாதிரியே கம்பி, ஈயம். பூட்டுன்னா கள்ளச்சாவி போட்டுடுவாங்க.”

“மீனுக்கு இரை?”

“காலையில நானே வெட்டுவேன். இரை போட்டுட்டு உடனே புது சீல்.”

பெனிட்டா சிரிக்கவில்லை. அதுவே அவருக்கு உறுத்தியது.

“தண்ணி எப்படி இருக்கு?”

“பி.ஹெச். ஏழு புள்ளி ஏழு. எட்டுக்கு மேல இருக்கணும். ராத்திரியும் சீலை வெட்டிப் பவுடர் போட்டா ஏறுது, விடிஞ்சா இறங்கிக் கிடக்குது. சீல் வச்சு பத்து நாளாச்சு. வைக்கிறதுக்கு முன்னாடி இருந்ததைவிட இப்பத்தான் மோசம். பவளம் கையை மடக்கிட்டு விரியவே மாட்டேங்குது.”

“தண்ணி மேல அலை அடிக்குதா?”

“அலையா? மூடி சரியா உக்காரணும்னு பம்பை நாலு விரல் கீழ இறக்கிட்டேன். இப்பக் கண்ணாடி மாதிரி நிக்குது. எவராவது கை வச்சா காட்டிக் குடுத்துடும்.” இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை வழிந்தது.

“ஜன்னல்?”

“ஏ.சி. வச்சதுலேர்ந்து மூடித்தான் இருக்கு. வெளியிலேர்ந்தும் எவனாவது மருந்து அடிக்கலாம் இல்லியா?”

பெனிட்டா தலையாட்டினாள்.

“யார் மேல சார் சந்தேகம்?”

ஏகாம்பரம் திரும்பி வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“குமுதா மேல.”

குமுதா அவர் மனைவி. முப்பத்தொரு வருஷமாக அவருக்குச் சோறு போடுகிறவள். அந்தச் சோற்றில் அவர் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே நாலாக மடித்த செய்தித்தாள் துண்டு. அதில் எண்ணெய்க் கறை.

“குப்பைக் கூடையிலேர்ந்து எடுத்தேன். சீல் வைக்கிறதுக்கு முன்னாடி தினம் ஒண்ணு கிடக்கும். ஒரு நாள் கையும் களவுமாப் பிடிச்சேன். தண்ணி மேல பேப்பரைப் படுக்க வச்சுட்டு நிக்கிறா. என்ன பண்றேன்னு கேட்டேன். எண்ணெய் மெதக்குதுங்க, எடுக்கிறேன்னா. அது ஊத்தினவங்களுக்குத்தானே தெரியும்?”

“இப்ப அவங்க எங்க?”

“வீட்ல. வில்லிவாக்கத்துலேர்ந்து மூணு இருபது வண்டியில அரக்கோணம் போறா, அக்கா வீட்டுக்கு. சீலை எடுத்தாத்தான் திரும்பி வருவாளாம். தப்புப் பண்ணினவங்க தலைமறைவாகிறது புதுசா என்ன?”

கடைசி வார்த்தைக்கு வரும்போது குரல் தேய்ந்துவிட்டது. அது அவருக்கே பிடிக்கவில்லை.

“தண்ணி கொண்டு வந்திருக்கீங்களா?”

கொண்டுவந்திருந்தார். தொட்டியின் மேல்மட்டத்தில் மொண்ட இரண்டு லிட்டர், பாட்டிலில். அதற்கும் சீல்.

பெனிட்டா பாட்டிலிலிருந்து ஒரு கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர் ஊற்றினாள். ஆள்மாறாட்டம் நடக்கக் கூடாதென்று ஏகாம்பரம் கோப்பைமேல் பேனாவால் கையெழுத்துப் போட்டார். அவள் சொட்டு மருந்து விட்டுச் சோதித்தாள். ஏழு புள்ளி ஏழு.

“நான் சொன்னேன் பாத்தியா?”

அவள் கோப்பையை உள்பக்கம் மட்டும் கழுவி, பாட்டில் தண்ணீரை மறுபடி ஊற்றி, கடை வாசலில் ஒரு ஸ்டூல்மேல் கொண்டுபோய் வைத்தாள். காற்றுக் குழாயின் நுனியை அதற்குள் விட்டாள். குமிழிகள் கிளம்பின.

“ஒரு மணி நேரம் ஆகும் சார்.”

ஏகாம்பரம் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கோப்பைக்கு எதிரில் உட்கார்ந்தார். டீ வந்தது, குடிக்கவில்லை. கண்ணைச் சிமிட்டும் நேரத்தில் இவள் எதையாவது போட்டுவிட்டால்? தெருவில் போன ஆட்டோவைக்கூட முறைத்துப் பார்த்தார். தண்ணீர் அவர் கண்ணெதிரே புரண்டுகொண்டிருந்தது.

மணி இரண்டே முக்காலுக்கு பெனிட்டா வந்து மறுபடி சோதித்தாள். இந்தத் தடவை நிறம் வேறாக வந்தது. அட்டையில் வைத்து ஒப்பிட்டாள்.

எட்டு புள்ளி இரண்டு.

ஏகாம்பரம் அட்டையைப் பிடுங்கித் தானே பார்த்தார். கோப்பையில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

“என்ன பவுடர் போட்ட?”

“நீங்கதானே சார் எதிர்ல உக்காந்திருந்தீங்க? காத்தைத் தவிர வேற எதுவும் உள்ள போகலை.”

பெனிட்டா பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை ஒரு தட்டில் மெல்லச் சாய்த்தாள். சற்று நேரம் அசையாமல் விட்டாள். கடையில் கிடந்த செய்தித்தாளில் ஒரு துண்டு கிழித்துத் தண்ணீர்மேல் படுக்கவைத்து எடுத்து, அவர் கொண்டுவந்த சாட்சியத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டிலும் அதே கறை.

“பத்து நாளாச் சீல் வச்சிருக்கேன்” என்றார் ஏகாம்பரம். “இதுல எண்ணெய் எப்படி?”

“மீன் இரையிலயும் கொழுப்பு இருக்கு. இரை போடுற கையிலயும் இருக்கு. தன்னாலயே ஏடு கட்டும் சார், தண்ணி மூச்சு விட முடியாது. அலை அடிச்சா உடையும். இல்லேன்னா யாராவது தினம் எடுக்கணும்.”

“இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான் சொல்லிக் குடுத்தேன். தை மாசம் வந்தாங்க.”

“அவ எதுக்கு இங்க வந்தா?” சந்தேகம் கடைசியாக ஒரு முறை தலைதூக்கியது. “என்ன கேட்டா?”

“பவளம் சரியா விரியலே, அவர் அதையே பாத்துட்டுத் தூங்காம உக்காந்திருக்காரு, நான் என்ன செய்யட்டும்னு கேட்டாங்க.”

தெருவில் ஒரு தண்ணீர் லாரி போனது. ஏகாம்பரம் தன் பிளாஸ்டிக் உறையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“அப்ப விஷம் வச்சது யாரு?” கேட்டதே தப்பென்று கேட்டபோதே தெரிந்தது.

பெனிட்டா காற்றுக் குழாயை வெளியே எடுத்தாள். அவர் கையெழுத்துப் போட்ட கோப்பையின் வாயை உள்ளங்கையால் இறுக மூடி, அவர் முன்னால் நீட்டினாள்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். சட்டைப் பையில் மிச்ச ஈயக் குண்டுகள் கனத்தன. அழுதுவிடுவோமோ என்று பயந்துபோனார்.

“கட்டிங் பிளேயர் இருக்குமா டீச்சரம்மா? என்னோடது பழசு. கம்பியை உடனே வெட்டணும்.”

பெனிட்டா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு ஐம்பது.

“கம்பி அப்புறம் சார். வில்லிவாக்கம் ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடிங்க.”