இரண்டு மணிக்கெல்லாம்

"இருபத்தாறு வருஷமாச் சொல்லிக் கொடுக்கிறேன். இன்னும் 'சின்ஸ் த்ரீ டேஸ்'னுதான் எழுதுறாங்க" என்றார் தாமோதரன். "உங்ககிட்ட படிக்கிறவங்க மட்டும் எப்படித் தப்புப் பண்றதில்லை?"

மாசிலாமணி கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"எந்தப் புத்தகம் வச்சுச் சொல்லித் தர்றீங்க?"

"புத்தகம் இல்லை சார்."

தாமோதரனுக்கு ஐம்பத்தாறு வயது. வாணியம்பாடியில் ஆங்கிலப் பயிற்சி நிலையம் நடத்துகிறார். காலத்தைக் காட்டும் ஆங்கிலச் சொற்களுக்கு அவர் போட்டிருந்த ஒரு பக்க அட்டவணை அந்த வட்டாரத்தில் பிரபலம். மாதத்துக்கு 'இன்', கிழமைக்கு 'ஆன்', மணிக்கு 'அட்'. ஜெராக்ஸ் கடைகளில் தனியாகவே விற்றது.

மாசிலாமணி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆம்பூரில் ஒரு டயர் கடையின் மாடியில் வகுப்பு எடுத்தார். எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போனதில்லை. அந்தச் செய்திதான் தாமோதரனைப் பஸ் ஏற வைத்தது.

கோமளா என்றொரு பெண். ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் வேலை. தாமோதரனிடம் இரண்டு வருடம் படித்தாள். அட்டவணையைத் தலைகீழாக ஒப்பிப்பாள். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் சரக்கு அனுப்புகிறோம் என்று வெளிநாட்டுக்காரனுக்கு எழுதவேண்டிய இடத்தில், வெள்ளிக்கிழமை வரைக்கும் அனுப்பிக்கொண்டே இருப்போம் என்று எழுதிவிட்டாள். கம்பெனியே சிரித்தது.

அவள் மாசிலாமணியிடம் வந்து சேர்ந்து நான்கு மாதம்தான். போன வாரம் அவள் எழுதிய ஒரு மெயிலைத் தாமோதரன் பார்த்தார். ஒரு பிழைகூட இல்லை.

"சொல்லுங்க. எப்படிச் சொல்லித் தர்றீங்க?"

மாசிலாமணி டஸ்டரைக் கீழே வைத்தார். வாசலைக் காட்டினார்.

"ஸ்டேண்ட் அவுட்ஸைட் அன்டில் ஐ கால் யூ."

தாமோதரன் சிரித்தார். பிறகு அந்த மனிதர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தார். வெளியே போய் நின்றார்.

மொட்டை மாடி. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி வெயில். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம்.

வகுப்புக்கு ஆட்கள் வந்தார்கள். கோமளா வந்தாள். பழைய வாத்தியாரைப் பார்த்ததும் பதறிப்போய் வணக்கம் சொன்னாள். உள்ளே போனாள்.

பாடம் தொடங்கியது. யாரும் கூப்பிடவில்லை.

பதினொன்று ஆயிற்று. சட்டை முதுகில் ஒட்டியது. உள்ளே எல்லோரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

பதினொன்றே காலுக்குத் தாமோதரன் தானாகவே உள்ளே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்னை மறந்துட்டீங்களா?"

"மறக்கல சார்."

"எவ்வளவு நேரம் நிக்கிறது?"

"நான் கூப்பிடுற வரைக்கும்."

"அது எப்போன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது சார். 'அன்டில்'னு சொல்லிட்டா, நிக்கிறவன் கையில ஒண்ணுமே கிடையாது." மாசிலாமணி பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து நீட்டினார். "இந்த வாரம் இவங்க எல்லாருமே ஒரு நாள் அங்க நின்னாங்க."

தாமோதரன் தண்ணீரைக் குடித்தார். கோபம் அடங்கியது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு பாடம் தமக்குத் தோன்றியதில்லையே என்று நினைத்தார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு கேட்டார்.

"இதெல்லாம் யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"ஜெயில்ல."

தாமோதரன் டம்ளரைக் கீழே வைத்தார்.

மாசிலாமணி சாதாரணமாகத்தான் சொன்னார். பலமுறை சொல்லிப் பழகிய கதை.

இருபத்தேழு வயதில் அவர் வெளிமாநிலத்தில், ஒரு துறைமுக ஊரில், மரக் குடோனில் சுமை தூக்கினார். ஒரு நாள் மத்தியானம் மூன்று மணிக்குக் குடோன் தீப்பிடித்தது. வாட்ச்மேன் ஒருவர் செத்துப்போனார். முந்தின நாள்தான் மாசிலாமணிக்கும் மேஸ்திரிக்கும் வாய்த் தகராறு. போலீஸ் அவரைப் பிடித்தது.

"கோர்ட்டுல யாருக்கும் தமிழ் தெரியாது. என் வக்கீலுக்கும் தெரியாது. உன் பாஷையிலயே எழுதிக் குடுன்னாங்க. எழுதிக் குடுத்தேன். ரெண்டு மணிக்கெல்லாம் நான் ரூம்லதான் இருந்தேன்னு."

"சரி."

"தமிழ் தெரிஞ்ச ஒரு இங்கிலீஷ் வாத்தியாரைக் கூப்பிட்டு அதை மாத்தி எழுதச் சொன்னாங்க. அவரு எழுதினாரு, 'ஐ வாஸ் இன் த ரூம் அன்டில் டூ.'"

தாமோதரன் அந்த வாக்கியத்தை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார்.

"ரெண்டு மணி வரைக்கும்தான் ரூம்ல இருந்தேன்னு இவனே சொல்றான், தீ புடிச்சது மூணு மணிக்குன்னாரு ஜட்ஜ். ஆறு வருஷம் நாலு மாசம் உள்ள இருந்தேன்."

"உங்களுக்கு யாரும் படிச்சுக் காட்டலையா?"

"நீ சொன்னதுதான் எழுதியிருக்குன்னாங்க. கைநாட்டு வைக்கிற மாதிரி கையெழுத்துப் போட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு, உள்ள இருந்த ஒரு பேங்க்காரரு தீர்ப்பைப் படிச்சுப் பார்த்துட்டு என்னைக் கேட்டாரு. மூணு மணிக்கு எங்கப்பா போனேன்னு. எங்கயும் போகலையேன்னேன். அப்போதான் தெரிஞ்சுது. வேற என்ன வார்த்தை போட்டிருக்கணும்னு கேட்டேன். 'பை'ன்னாரு. இங்கிலீஷ்ல ரெண்டே எழுத்து."

அப்பீலில் ஒரு பெண் வக்கீல் வந்தார். தமிழ் தெரிந்தவர். இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதற்குள் இன்னும் நான்கு வருடம் போயிருந்தது. மாசிலாமணியின் அம்மாவும் போயிருந்தார்.

மாசிலாமணி மேஜை டிராயரைத் திறந்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"இதுதான் அந்த இங்கிலீஷ் காயிதம். ஜெராக்ஸ்."

தாமோதரன் வாங்கினார்.

கீழே, வலது ஓரத்தில், மொழிபெயர்த்தவரின் கையெழுத்து. ஒரு சுழி, ஒரு நீண்ட கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. வேறு யாருக்கும் அது ஒரு பெயராகத் தெரியாது.

தாமோதரன் அதை இருபத்தாறு வருடமாக மதிப்பெண் பட்டியல்களில் போட்டு வருகிறார்.

"யாருன்னு தெரியல" என்றார் மாசிலாமணி. "கிறுக்கியிருக்காரு."

தாமோதரனின் காதில் காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. தாளைத் திருப்பிக் கொடுத்தார். எழுந்தார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

"சார், சாப்பிட்டுப் போங்க" என்று மேலிருந்து குரல் வந்தது.

அவர் நிற்கவில்லை.

அந்தத் துறைமுக ஊரை அவருக்கு நன்றாகத் தெரியும். அங்கே ஒரு கல்லூரியில் எட்டு வருடம் வேலை பார்த்தார். எப்போதாவது கோர்ட்டிலிருந்து ஆள் வரும். ஒரு காகிதம், இரண்டு காகிதம். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். அதில் என்ன இருந்தது என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

இதை மட்டும் யோசித்து யோசித்துப் பிடித்தார். ஒரு சனிக்கிழமை. மச்சினனுக்கு மறுநாள் கல்யாணம். ஒன்றரை மணிக்கு ரயில். ஸ்டேஷனில் மனைவி பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தாள். கோர்ட் வராண்டாவில் நின்றபடியே, சுவரில் தாளை வைத்து எழுதினார்.

திங்கட்கிழமை வகுப்பில் 'அன்டில்' என்று பலகையில் எழுதினார். அடுத்த வார்த்தை வரவில்லை. பிள்ளைகள் காத்திருந்தார்கள். தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மனைவியிடம் சொன்னார். அவள் தட்டில் சோற்றை வைத்தவள் அப்படியே நின்றாள்.

"அந்த ஆளுக்கு உங்களைத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப ஏன் போய்ச் சொல்லணும்?"

அவரும் அதைத்தான் ஆறு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு, வகுப்புக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே மாடிப்படி ஏறினார். மாசிலாமணி பாய்களை விரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். போன வாரம் பாதியில போயிட்டீங்க."

தாமோதரன் நின்றபடியே சொன்னார்.

"அந்தக் கையெழுத்து என்னுடையது."

மாசிலாமணிக்குப் புரியவில்லை.

தாமோதரன் மேஜையிலிருந்த சாக்பீஸை எடுத்தார். பலகையில் போட்டுக் காட்டினார். ஒரு சுழி. ஒரு நீண்ட கோடு. இரண்டு புள்ளி.

மாசிலாமணி பலகையைப் பார்த்தார். பாயின் ஒரு முனை கையிலேயே இருந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"நீங்களா?"

"நான்தான்."

மாசிலாமணி மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். தாமோதரன் அடியை எதிர்பார்த்தார். கத்தலை எதிர்பார்த்தார். இரண்டுக்கும் தயாராகத்தான் வந்திருந்தார்.

"பாவம் சார் நீங்க" என்றார் மாசிலாமணி. குரல் உடைந்திருந்தது. "உங்களுக்கும் அப்போ அந்த வார்த்தை தெரியாமப் போச்சு."

தாமோதரன் தலையை ஆட்டியிருக்கலாம். அத்தோடு முடிந்திருக்கும்.

"தெரியும்" என்றார்.

"எது?"

"'பை'யும் தெரியும். 'அன்டில்'லும் தெரியும். அதுக்கு முந்தின நாள்தான் க்ளாஸ்ல நடத்தினேன்."

மாசிலாமணியின் முகம் அப்போதுதான் மாறியது. ஜெயில் கதையைச் சொன்னபோது மாறாத முகம். அம்மாவைச் சொன்னபோதும் மாறாத முகம்.

"தெரியுமா?"

"ரயிலுக்கு நேரமாச்சு. அவசரத்துல..."

"தெரிஞ்சுதான் எழுதினீங்களா?"

"கவனிக்கல."

மாசிலாமணி எழுந்தார். சன்னல்வரை போனார். திரும்பி வந்தார். எங்கே நிற்பது என்று தெரியாதவர் மாதிரி இருந்தார்.

"பன்னெண்டு வருஷம் சார். யாரோ தெரியாத மனுஷன், தெரியாம எழுதிட்டாருன்னு நெனச்சேன். தெரியாம இருக்கிறதுதான் பாவம்னு நெனச்சேன். அதுக்காகத்தான் இந்தப் பள்ளிக்கூடமே."

தாமோதரனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கோமளா முதலில் வந்தாள். பின்னாலேயே மற்றவர்கள். பலகையில் இருந்த சுழியைப் பார்த்தார்கள், இருவரையும் பார்த்தார்கள். ஏதோ பாடம் என்று நினைத்து உட்கார்ந்தார்கள்.

மாசிலாமணி டிராயரைத் திறந்தார். இந்த முறை எடுத்தது வேறு தாள். நீல மையில், குண்டு குண்டான எழுத்தில், தமிழில் ஏழு வரி.

அதை மேஜைமேல் வைத்தார். வெள்ளைத் தாள் ஒன்றும் பேனா ஒன்றும் பக்கத்தில் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இங்கிலீஷ்ல எழுதுங்க சார்."

பிறகு கோமளாவைப் பார்த்தார்.

"நேரம் பார்த்துக்கம்மா."

கோமளா கைபேசியை எடுத்துக்கொண்டாள்.

தாமோதரன் உட்கார்ந்தார். முதல் வரியிலிருந்து படித்தார். பெயர், ஊர், அப்பா பெயர். வேலை. தகராறு நடந்தது உண்மை என்று ஒரு வரி. ஐந்தாவது வரி, 'ரெண்டு மணிக்கெல்லாம் நான் ரூம்லதான் இருந்தேன்.'

அடுத்த வரியில் அவர் பேனா நின்றது.

'மழை விடற வரைக்கும் வெளியே வரல.'

இந்த வரியைப் பார்த்ததாக அவருக்கு நினைவே இல்லை. ஆங்கிலத் தாளில் இது இல்லவே இல்லை. மேல் வரியின் மணியையும் கீழ் வரியின் வரைக்கும் என்பதையும் அவர் கண் ஒன்றாக்கி எழுதிவிட்டு, மீதியை விட்டுவிட்டிருந்தது.

"இது..." என்று நிமிர்ந்தார்.

"எழுதுங்க சார்" என்றார் மாசிலாமணி.

தாமோதரன் எழுதினார். 'பை டூ ஐ வாஸ் இன் த ரூம்.' அதற்கடுத்து, 'ஐ டிட் நாட் கோ அவுட் அன்டில் த ரெயின் ஸ்டாப்ட்.' ஐந்து மணிக்குத்தான் மழை விட்டது என்ற ஏழாவது வரியையும் எழுதினார். ஒரு சொட்டுத் தண்ணீர் தாளில் விழுந்து மை பரவியது. புறங்கையால் ஒற்றி எடுத்தார். மறுபடி முதலிலிருந்து படித்துப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"எவ்வளவு நேரம் ஆச்சும்மா?" என்றார் மாசிலாமணி.

கோமளா கைபேசியைப் பார்த்தாள். வகுப்பில் கேட்கும் கேள்விக்கு ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லவேண்டும். எழுந்து நின்றாள்.

"ஹி ஃபினிஷ்ட் இட் இன் நைன் மினிட்ஸ், சார்."

யாரும் ஒன்றும் சொல்லாததால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"'இன்' சரிதானே சார்?"

"சரிதாம்மா" என்றார் மாசிலாமணி.