பறக்க உரிமம் தந்த உடும்பு

நொச்சியேரியின் நடுவில் நீர்க்கடம்ப மரங்கள் கூட்டமாக நிற்கும். கார்த்திகை பிறந்துவிட்டால் அங்கே கிளைக்குக் கிளை கூடு, கூட்டுக்குக் கூடு சண்டை. மூன்றாவது மரத்தின் உச்சிக் கிளையில் செங்கமலம் என்ற நத்தைகுத்தி நாரை குடியிருந்தாள். நத்தையைக் குத்தித் தின்பது அவள் பிழைப்பு. தானுண்டு தன் நத்தையுண்டு என்று இருப்பவள்.

போன வருடம் அவள் மூன்று முட்டைகளைப் பறிகொடுத்தாள். கல்யாணப் படம் எடுக்க வந்த ஓர் இளைஞன் ஏரியின் மேல் ட்ரோனைப் பறக்கவிட்டான். நான்கு காற்றாடிகள் சுழல, அது ‘ங்ஙொய்’ என்று மரங்களுக்கு மேல் வந்து நின்றது. பறவைகள் மிரண்டு ஒரே நேரத்தில் எழும்பின. கிளைகள் ஆடின. செங்கமலத்தின் முட்டைகள் உருண்டு தண்ணீரில் விழுந்தன. பாவம், பத்து நாள் அவள் நத்தையைத் தொடவே இல்லை.

இந்த வருடமும் அந்த ட்ரோன் வந்தது. ஆனால் இம்முறை வனக் காவலர் கரையில் நின்றிருந்தார்.

“தம்பி, கீழ இறக்கு அதை! இது எதையும் பறக்கவிடக் கூடாத சிவப்பு மண்டலம்னு தெரியாது? கால் கிலோவுக்கு மேல இருக்கு. கல்யாணத்துக்குக் காசு வாங்கிட்டு ஓட்டுற. லைசென்ஸ் எங்க? மேல நம்பர் எங்க ஒட்டியிருக்கு?”

இளைஞன் தலையைச் சொறிந்தான். வாலே இல்லாத அந்த ட்ரோன் வாலைச் சுருட்டிக்கொண்டு இறங்கியது.

செங்கமலம் உச்சிக் கிளையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளால் நம்ப முடியவில்லை. கொத்தியும் போகாத பூதம், கத்தியும் போகாத பூதம், விதி என்ற ஒரு சொல்லுக்கு இறங்கிவிட்டதே!

அன்று மாலையே பறவைகளைக் கூட்டினாள்.

“நமக்கும் விதி வேணும்! நம்ம கூழைக்கடா அண்ணன் கூடுகளுக்கு மேலயே தடதடன்னு எழும்புறார். மரமே ஆடுது. அடைகாக்குற காலத்துல மரங்களுக்கு மேல யாரும் தாழப் பறக்கக் கூடாது. பறக்குறவங்க காலில் நம்பர் இருக்கணும். யார் தப்புப் பண்ணினாங்கன்னு அப்பத்தான் தெரியும்!”

நல்ல யோசனைதான். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனால் நம்பர் கொடுப்பது யார், தப்பைப் பிடிப்பது யார் என்று கேட்டதும் ஒருவருக்குக் குஞ்சு பசியில் அழுதது, இன்னொருவருக்கு இறகு உலரவில்லை. வேலை என்றால் நம்மவர்கள் இப்படித்தான்!

அப்போது சேற்றிலிருந்து ஒரு தலை எழும்பியது. மாசாணம் என்ற உடும்பு.

“பெரியவங்க தப்பா நினைக்கலேன்னா ஒரு வார்த்தை. எனக்குப் பறக்கத் தெரியாது. அதனால யார் பக்கமும் சாய மாட்டேன். பிடிச்சா உடும்புப்பிடி! அந்த வேலையை நான் பார்க்குறேன்.”

“நீங்க முட்டை தின்பீங்களே?” என்று யாரோ கேட்டார்கள்.

“அதெல்லாம் அந்தக் காலம்!” என்று மாசாணம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. “இப்ப நத்தை மட்டும்தான்.”

செங்கமலம் நெகிழ்ந்துபோனாள். நத்தை தின்பவர் கெட்டவராக இருக்க முடியுமா? அவளுக்குத் தெரிந்த நத்தை தின்னிகள் எல்லாரும் அவள் சொந்தக்காரர்கள், எல்லாரும் உத்தமர்கள்!

“இவரே அதிகாரி!” என்று முதல் ஆளாகக் குரல் கொடுத்தாள்.

மறுநாளே கரையில் ஒரு மருத மரத்தின் அடியில் அலுவலகம் திறந்தாகிவிட்டது. ஒரு கட்டையைத் தராசாக்கி, ஒரு முனையில் ஆமைக்குட்டியை உட்கார வைத்தார்கள். ஆமைக்குட்டியைவிட இலேசாக இருப்பவருக்கு உரிமம் வேண்டாம். கனமாக இருந்தால் கட்டாயம் எடுக்க வேண்டும். நீர்க்காகம் ஈரச் சிறகோடு ஏறி நின்றது.

“இது நனைஞ்ச எடை. செல்லாது. காயவெச்சுட்டு வா!” என்றது மாசாணம்.

காயவைத்துவிட்டு வருவதற்குள் நீர்க்காகத்துக்குப் பசித்தது. பசித்ததால் முங்கியது. முங்கியதால் மறுபடி நனைந்தது. மூன்று நாள் இப்படியே போயிற்று. கூழைக்கடா வாய்ப்பையில் மீனோடு வந்தார். “சரக்கு ஏத்துறதுக்குத் தனி உரிமம்!” என்று மாசாணம் அவரைத் திருப்பி அனுப்பியது.

மிளகி என்ற கரிச்சான் குருவி தராசில் குதித்தாள். ஆமைக்குட்டி அசையவே இல்லை.

“எனக்கு ஒரு காகிதமும் வேணாம்!” என்று மிளகி வாலை ஆட்டிச் சிரித்தாள்.

“காகிதம் இல்லாததுக்கெல்லாம் வாய் மட்டும் நீளம்” என்று செங்கமலம் முணுமுணுத்தாள். உரிமம் வாங்கப் போகிற பெருமை அவளுக்கு.

விண்ணப்பம் ஒரு முழுத் தாமரை இலை அளவு இருந்தது. பெயர், எடை, எத்தனையாவது மரம், எந்தக் கிளை, எத்தனை முட்டை, இரை தேடப் போகும் நேரம், திரும்பும் நேரம். கடைசியில் ஒரு வரி: கணவன் மனைவி இருவரும் உச்சி வேளையில் நேரில் வர வேண்டும்.

பிச்சாண்டி என்ற அண்டங்காக்கை கிளையிலிருந்து எட்டிப் பார்த்தது. “பறக்குறதுக்கு முட்டைக் கணக்கு எதுக்கு? எங்க தாத்தா இதையெல்லாம் எழுதிக் குடுத்தா பறந்தாரு? நான் எடுக்க மாட்டேன் போ!”

“எடுக்காதவனெல்லாம் திருடன்” என்றாள் செங்கமலம்.

“அக்கா, நான் திருடன்தான். அதை யாரு இல்லேன்னா?” என்று சொல்லிவிட்டுக் காகம் பறந்தது.

மாசாணம் இன்னொரு விதியும் சேர்த்தது. உச்சி வேளையில் மரங்களை ஒட்டி யாரும் பறக்கக் கூடாது, அடைகாப்பவர்கள் கண்ணயரும் நேரமாம். அதுவும் நல்ல விதிதான் என்று செங்கமலம் மெச்சிக்கொண்டாள்.

நான்காம் நாள் நீர்க்காகத்துக்கு ஒருவழியாக உரிமம் கிடைத்தது. ஜோடியாகப் போய் வரிசையில் நின்று, வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால் கூட்டில் இரண்டு முட்டைகளைக் காணோம்!

நீர்க்காகம் அலறிய அலறலில் ஏரியே அதிர்ந்தது. மாசாணம் வாயைத் துடைத்துக்கொண்டு விசாரணைக்கு வந்தது.

“நம்பர் எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டு இந்த ஏரியில பறக்குறது யாரு? அந்தக் காக்கா!”

“நான் திருடன்தான்! ஆனா இதை நான் திருடல!” என்று பிச்சாண்டி தொண்டை கிழியக் கத்தியது. யார் கேட்டார்கள்? செங்கமலமே முன்னால் நின்று, “விரட்டுங்க இவனை!” என்றாள். கொத்தி விரட்டி ஏரிக்கு அப்பால் துரத்தினார்கள்.

“பார்த்தீங்களா, உரிமம் எவ்வளவு முக்கியம்னு?” என்றது மாசாணம். அடுத்த நாள் வரிசை இரண்டு மடங்காயிற்று.

அந்த வரிசையில் முதல் ஆள் செங்கமலம். விண்ணப்பத்தை முந்தின நாளே எழுதிக் கொடுத்துவிட்டாள். அவள் வீட்டுக்காரரும் பக்கத்தில் நின்றார். கூட்டில் மூன்று முட்டைகள் தனியாகக் கிடந்தன. இன்னும் நான்கு நாளில் பொரிந்துவிடும். அவளுக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஆனாலும் விதி விதிதானே!

அலுவலகத்தில் ஆமைக்குட்டி மட்டும் இருந்தது.

“அதிகாரி எங்க?”

“கள ஆய்வுக்குப் போயிருக்காரு. வர்ற வரைக்கும் நிக்கச் சொன்னாரு.”

நின்றார்கள். வெயில் ஏறியது. பின்னாலிருந்த கூழைக்கடாவுக்குக் கால் வலித்தது. பொழுது போக வேண்டுமே என்று செங்கமலம், உரிமத்தைப் புதுப்பிக்க வந்திருந்த நீர்க்காகத்திடம் அதன் இலையை வாங்கிப் பார்த்தாள். ஆமாம், ஒரே நாளில் புதுப்பிக்க வேண்டுமாம்! இலையின் அடியில் உடும்பின் நக முத்திரை பதிந்திருந்தது. சேற்றில் தோய்த்து வைக்கும் முத்திரை கறுப்பாக அல்லவா இருக்கும்? இது மஞ்சளாக இருந்தது.

முகர்ந்து பார்த்தாள். எந்தத் தாய்க்கும் அந்த முட்டை வாசனை தெரியும்.

“ஏங்க” என்றாள் வீட்டுக்காரரிடம். “நம்ம விண்ணப்பத்துல எந்தக் கிளைன்னு எழுதுனேன்?”

“மூணாவது மரம், உச்சிக் கிளை. முட்டை மூணு. உச்சி வேளையில கூட்டுல யாரும் இருக்க மாட்டோம்னு வேற எழுதுனே. ஏன்?”

அந்த இலையைத் தன் அலகாலேயே கீறிக் கொடுத்தவள் அவள். வேலியைக் கூப்பிட்டுப் பயிரைக் காட்டியவளும் அவள்தான்.

விஷயம் புரிந்ததும் வீட்டுக்காரர் சட்டென்று சிறகை விரித்தார். செங்கமலம் அவரை மறித்தாள்.

“பறக்காதீங்க! பதறிப்போய் பறந்தா தூங்குறவங்க எல்லாரும் மிரண்டு எழும்புவாங்க. போன வருஷம் மாதிரி எல்லார் முட்டையும் உருளும். நமக்காக அத்தனை பேர் வயித்துல அடிக்கக் கூடாது!”

“அப்ப என்னடி பண்றது?”

மருத மரத்தின் நுனியில் மிளகி தும்பி பிடித்துக்கொண்டிருந்தாள். செங்கமலம் நிமிர்ந்து பார்த்தாள். கேட்க வாய் கூசியது. ஆனாலும் கேட்டாள்.

“மிளகி, தங்கச்சி! நீ பறந்தா ஒரு இலைகூட அசையாது. என் கூட்டுக்கு ஓடு. மாசாணம் அங்க இருக்கான். நாங்க வர்ற வரைக்கும் அவன் வாயைத் திறக்க விடாதே!”

“காகிதம் இல்லாதவகிட்ட உதவி கேக்குறீங்களா அக்கா?”

“கேக்குறேன்டி. காலில் விழுந்து கேக்குறேன்.”

மிளகி அதற்குமேல் சீண்டவில்லை. அம்புபோல் போனாள்.

செங்கமலம் தண்ணீரில் இறங்கி நடந்தாள். நீண்ட கால்களை எட்டி எட்டி வைத்தாள். பின்னால் சளசளவென்று சத்தம். திரும்பினால் மொத்த வரிசையும் வந்துகொண்டிருந்தது! முதல் ஆள் நகர்ந்தால் வரிசை நகரத்தானே வேண்டும்? கூழைக்கடா நீந்தினார். நீர்க்காகம் முங்கி முங்கி வந்தது. ஒருவரும் தங்கள் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

“ஏம்பா, அலுவலகத்தை மாத்திட்டாங்களா?” என்று நடுவிலிருந்து ஒரு கொக்கு கேட்டது.

“பேசாம வா. இடம் போயிரும்!” என்றது இன்னொன்று.

மூன்றாவது மரத்தின் உச்சியில் மாசாணம் ஒரு காலால் கிளையைப் பிடித்து, ஒரு காலால் முட்டையை இழுத்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தபோதெல்லாம் மிளகி அதன் மூக்கில் ஒரு போடு போட்டாள். பக்கத்துக் கூடுகளில் இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி ஆய்வுக்கு வரும்போது தூங்குவது நல்லது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

ஒருவழியாக மாசாணம் ஒரு முட்டையை வாயில் கவ்விவிட்டது. அப்போது கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

“ஐயா, வணக்கம்! முத்திரை இங்கதான் போடுறீங்களா?”

குனிந்து பார்த்தால், மரத்தடியில் தொடங்கி ஏரிக்கரை வரைக்கும் வரிசை! எல்லார் அலகிலும் தாமரை இலை!

மாசாணம் முட்டையைக் கூட்டிலேயே மெல்லத் துப்பியது. “இது கள ஆய்வு. விண்ணப்பத்துல எழுதுன முட்டை சரியா இருக்கான்னு எண்ணுறேன்!”

“வாயாலயா எண்ணுவாங்க?” என்று கேட்டது நீர்க்காகம். தன் முட்டைகளை எண்ணியவர் யார் என்று அதற்கு இப்போதுதான் விளங்கியது.

மாசாணம் அடுத்த பொய்யைத் தேடுவதற்குள் மிளகி அதன் வாலைப் பிடித்து ஒரே கடி! உயிரே போனாலும் விடாத உடும்புப்பிடி அன்று விட்டுப்போனது. நான்கு கால்களையும் விரித்துக்கொண்டு அதிகாரி வானத்திலிருந்து வந்தார்.

ஏரிக்கு அப்பாலிருந்து பிச்சாண்டி இதைப் பார்த்துவிட்டது. அதற்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை.

“ஏய், பறக்குது பாருங்க! உச்சி வேளையில பறக்குது! நம்பர் இல்லாம பறக்குது! ஆமைக்குட்டியைவிடப் பெரிசா இருக்கு, பிடிங்க!”

பொத்தென்று மரத்தடிச் சேற்றில் விழுந்தது மாசாணம். பறவைகள் வரிசை கலையாமலே ஆளுக்கு ஒரு கொத்துக் கொத்தின. நீர்க்காகம் மட்டும் கொத்திவிட்டு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்று, இன்னொரு முறை வந்து கொத்தியது. ஒருவரும் தடுக்கவில்லை. தப்பினால் போதும் என்று மாசாணம் வயிறு தேய ஓடி மறைந்தது.

செங்கமலம் கூட்டுக்கு ஏறினாள். மூன்றும் இருந்தன. ஒன்றில் மட்டும் எச்சில். அதை இறகால் துடைத்துத் துடைத்து அழுதாள். அழுது முடித்ததும் நீர்க்காகத்தின் காலியான கூடு கண்ணில் பட்டது. கீழே இறங்கிப் போய் அதன் பக்கத்தில் நெடுநேரம் நின்றாள்.

சாயங்காலம் மறுபடி கூட்டம் கூடியது.

“இனிமே விதியே வேணாம்!” என்றது கொக்கு.

“விதி இருக்கட்டும். இன்னைக்கு நாம பறக்காம நடந்து வந்ததாலதான் ஒரு முட்டைகூட உருளல” என்றாள் செங்கமலம். “கால்ல நம்பர் போதும். முட்டைக் கணக்கு யாருக்கும் வேணாம். பிச்சாண்டி, உன்னை விரட்டுனது என் தப்பு. மன்னிச்சுரு.”

காகம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது. “மன்னிச்சேன்! நான்தான் முதல்லயே சொன்னேனே? அந்த வேலையை என்கிட்ட குடுங்க. எனக்குப் பறக்கவும் தெரியும், திருடனைப் பிடிக்கவும் தெரியும்!”

“சரி. ஒரே ஒரு கேள்வி” என்றாள் செங்கமலம். “நீ என்ன திம்பே?”

பிச்சாண்டி வாயைத் திறந்தது. சுற்றிலும் இருந்த கூடுகளை ஒரு பார்வை பார்த்தது. எச்சிலை விழுங்கியது. பிறகு, வீட்டில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் பறந்துபோனது.

விதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதைக் காக்க ஓர் ஆளை வைக்கும் முன் அவன் எதைத் தின்று வாழ்கிறவன் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.