துரை வீட்டுக் கணப்பும் பங்களாக் கோழிகளும்

நீலகிரித் தேயிலைத் தோட்டமொன்றின் பங்களாவில் கோழிகளைப் பேணிவந்த பெருந்தகை, திருவாளர் நஞ்சப்பன் அவர்கள். அன்று அவருக்கு அகவை ஐம்பத்தெட்டு.

தை மாத உறைபனியில் கோழிகளின் குடிநீர் விடியுமுன் கல்லாகிவிடும். தண்ணீர்த் தொட்டியருகே கரியடுப்பு வைக்க அவர் அனுமதி வேண்டினார். மேலாளர் பரமேஸ்வரன் துரை சீறினார்.

"கோழிக்கு அடுப்பாய்யா? ஒரு துண்டு கரி வீணாகக் கூடாது. நாளைக்குத் தண்ணி உறைஞ்சிருந்தா, வேலையுமில்லே, குடியிருக்க வீடுமில்லே!"

"உத்தரவுங்க தொரை," என்று வணங்கி விடைபெற்றார் நஞ்சப்பன்.

மறுநாள் காலையில் துரையைச் சேவலொன்று எழுப்பிற்று. அது கூவியதோ அவரது வரவேற்பறைச் சோபாவின் மேலிருந்து! குளிர்காய நெருப்பெரியும் கணப்பின் முன்னே, விலையுயர்ந்த கம்பளத்தின் மீது, பெட்டைகளெல்லாம் தொட்டியைச் சூழ்ந்து நீர் அருந்திக்கொண்டிருந்தன. நஞ்சப்பன் கைகட்டி நின்றார்.

"என்னய்யா அக்கிரமம் இது?"

"தண்ணி உறையலீங்க தொரை. கரியும் செலவாகலே. ஆளில்லாத ரூம்ல ராத்திரி பூரா நெருப்பு எரியுது. வீணாப் போகுதேன்னு இவங்களைக் கூட்டியாந்தேன்."

வாசலில் நின்ற துரையின் மனைவி துரைசாணி அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கரியைக் குடுத்துடுங்க. சோபாவாவது மிஞ்சட்டும்!"

துரை தலையசைத்தார். கோழித் தொட்டியருகே முதல் அடுப்பு மூட்டப்பட்ட அந்நன்னாள், தைத் திங்கள் ஏழாம் நாள், வியாழக்கிழமை.